இரண்டு நூல், நான்கு நூல்: ஸ்பிளிட் ஏசிக்குச் செம்புக் குழாய் இழுப்பது

எங்கள் ஊர் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைச் சுற்றியுள்ள தெருக்களில் மாடியறை இல்லாத வீடுகள் குறைவு. கீழே குடியிருந்துகொண்டு, மேலே ஓர் அறை எடுத்து, பௌர்ணமி கிரிவலத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் அந்த அறையில் மின்விசிறி சுடுகாற்றைத்தான் சுற்றிவிடும். அதனால் ஏசி வாங்குகிறார்கள். நல்ல கம்பெனியா, எத்தனை ஸ்டார், எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று பத்துக் கடை ஏறி இறங்கி விசாரிப்பவர்கள், உள்யூனிட்டையும் வெளியூனிட்டையும் இணைக்கும் இரண்டு செம்புக் குழாய்களைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. ஆனால் ஏசி ஐந்தாவது வருடமும் குளிர்ந்து ஊதுமா, இரண்டாவது கோடையிலேயே "கேஸ் இல்லை" என்று நிற்குமா என்பது பெரும்பாலும் அந்தக் குழாயின் நான்கு நுனிகளில் முடிவாகிவிடுகிறது.

பிளம்பிங் அல்லது எலக்ட்ரிகல் வேலையில் கைப்பழக்கம் உள்ளவர், தன் வீட்டு ஏசிக்குத் தானே குழாய் இழுக்க நினைக்கிறவர், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பி ஆகியோருக்காக இந்த அத்தியாயம். குழாயை அளப்பது, வெட்டுவது, வளைப்பது, அதன் வாயைப் புனல்போல விரித்து ஃபிளேர் போடுவது, பூட்டுவது, லீக் பார்ப்பது இவ்வளவும் கற்றுக்கொள்ளக்கூடியவை. நெருப்பு வைத்து ஒட்டும் வேலையும் கேஸ் ஏற்றும் வேலையும் பயிற்சி உள்ளவரிடம் இருக்கட்டும். மெயின் கரண்ட் இணைப்பு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனுடையது. தொடங்கும் முன் வாரன்டி அட்டையை ஒருமுறை படியுங்கள். கம்பெனி ஆள் பொருத்தாவிட்டால் வாரன்டி கிடையாது என்று எழுதியிருக்கலாம்.

ஏன் இவ்வளவு கவனம்?

தண்ணீர்க் குழாயில் பழகிய கைக்கு முதலில் புரிய வேண்டியது அழுத்தம். வீட்டின் மேல்தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் 10, 15 பி.எஸ்.ஐ.க்கு மேல் போவது அரிது. இன்றைய ஏசிகளில் பரவலாக இருக்கும் ஆர்32 வாயு, மெஷின் ஓடாமல் சும்மா நிற்கும்போதே, 35 டிகிரி வெயிலில் ஏறத்தாழ 300 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் இருக்கும். முடி அளவு கீறல் போதும், மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்க.

ஆர்32 லேசாகத் தீப்பற்றும் வகை. காற்றைவிடக் கனமானதால் கசிந்தால் தரைப்பக்கம் தங்கும். ஆர்290 என்பது புரோப்பேன், நன்றாகவே தீப்பிடிக்கும். வெளியூனிட்டின் பெயர்ப்பலகையில் எந்த வாயு என்று எழுதியிருக்கும். ஆர்290 என்று இருந்தால் இந்த அத்தியாயத்தை மூடிவைத்துவிட்டு, அந்தக் கம்பெனியில் பயிற்சி பெற்றவரைக் கூப்பிடுங்கள்.

குழாய் வாங்கும்போது

கொத்தனாரும் தச்சரும் சொல்லும் நூல் கணக்கு இங்கேயும் உதவும். ஓர் இஞ்சுக்கு எட்டு நூல். ஒரு டன், ஒன்றரை டன் ஏசிகளில் மெல்லிய குழாய் பெரும்பாலும் இரண்டு நூல், அதாவது கால் இஞ்ச், 6.35 மி.மீ. தடித்த குழாய் மூன்று நூலோ (9.52 மி.மீ.) நான்கு நூலோ (12.7 மி.மீ.) இருக்கும். இரண்டு டன்னில் சிலவற்றுக்கு ஐந்து நூல் (15.88 மி.மீ.) கேட்கும். இவை வெளி விட்டம். எது உங்களுக்கு என்பதை யூனிட்டின் வால்வும் மேனுவலும்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு ஏசியைப் பார்த்து வாங்காதீர்கள்.

சுவர்த்தடிமன் அதைவிட முக்கியம். ஆர்32க்கு நான்கு நூல் வரையிலான குழாய்களில் 0.8 மி.மீ. சுவர் இருக்க வேண்டும். ஐந்து நூலுக்கு 1 மி.மீ. கடையில் கேஜ் கணக்கில் பேசுவார்கள். எண் கூடினால் தடிமன் குறையும்: 20 கேஜ் 0.9 மி.மீ.க்குச் சற்று மேல், 22 கேஜ் 0.7 மி.மீ.

மைக்ரோமீட்டர் இல்லாதவருக்குத் தராசு இருக்கிறது. நான்கு நூல் குழாய் 0.8 மி.மீ. சுவரோடு 15 மீட்டர் காயில் ஏறத்தாழ 4 கிலோ நிற்கும். 22 கேஜ் என்றால் 3.6 கிலோ அளவுக்கு வரும். மூன்றே கால் கிலோ காட்டினால் அந்தக் குழாயை வாங்காதீர்கள். இரண்டு நூல் காயில் அதே 15 மீட்டருக்கு 1.9 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். குளிர்பதனச் செம்புக் குழாய்க்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 10773. அந்த முத்திரையும், இரு முனையிலும் அடைப்பு மூடியும் இருக்கிற காயிலாகக் கேளுங்கள். மூடி இல்லாமல் கடை வாசலில் தொங்கும் காயிலுக்குள் தூசியும் ஈரமும் புகுந்திருக்கும். களிமண் குளவி கூடுகட்டி அடைத்த குழாயையும் நான் வெட்டி எடுத்திருக்கிறேன்.

எவ்வளவு நீளம்? சுவரில் நூல் பிடித்து, வளைவுகளோடு அளந்து, அரை மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். பல கம்பெனிகள் குறைந்தது 3 மீட்டராவது இருக்கச் சொல்கின்றன. யூனிட்டுகள் ஒட்டியே இருந்தாலும் அந்த நீளத்தைக் குறைக்காதீர்கள். மேனுவல் சொல்லும் எல்லைக்கு மேல் நீளம் போனால் மீட்டருக்கு இத்தனை கிராம் என்று கேஸ் கூடுதலாக ஏற்ற வேண்டிவரும். வெளியூனிட்டை இறக்கி வைக்கும் முன்பே இதைக் கணக்குப் பார்ப்பது நல்லது.

கையில் இருக்க வேண்டியவை

டியூப் கட்டர், ரீமர், ஃபிளேரிங் டூல், இரண்டு நூலுக்கும் நான்கு நூலுக்கும் பென்டிங் ஸ்பிரிங், வெர்னியர் காலிப்பர், இரண்டு ஸ்பேனர், டார்க் ரெஞ்ச், அலன் கீ, சோப்பு நுரைக்குப் புட்டி. நைட்ரஜன் சிலிண்டர், ரெகுலேட்டர், மேனிஃபோல்டு கேஜ், வேக்கம் பம்ப், மைக்ரான் கேஜ் ஆகியவற்றை ஒரு வேலைக்காக வாங்க வேண்டாம். அவற்றை வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கடைசி நாளுக்கு மட்டும் கூப்பிட்டுக்கொள்ளலாம். ஃபிளேரிங் டூலில் மட்டும் காசு பார்க்காதீர்கள். கூம்பு மையம் விலகிச் சுழலும் கிளட்ச் வகை டூல் விலை கூடுதல்தான். ஆனால் புதியவர் கைக்கும் அது ஒரே மாதிரி ஃபிளேர் தரும்.

குழாயை விரித்து, வளைத்து, கொண்டுபோதல்

1. காயிலைத் தரையில் நிறுத்தி, முனையைச் செருப்பில்லாத காலால் மெல்ல மிதித்துக்கொண்டு, சக்கரம்போல உருட்டி விரியுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் ஸ்பிரிங் மாதிரி முறுக்கிக்கொள்ளும். அப்படி முறுக்கியதை நிமிர்த்துவதற்குள் குழாய் இறுகிவிடும்.

2. சுவரில் துளை 65 மி.மீ. இருந்தால் இரண்டு குழாயும் வயரும் தண்ணீர் வடிகுழாயும் தாராளமாகப் போகும். உள்ளிருந்து வெளிநோக்கி அரை முதல் ஒரு செ.மீ. வரை சரிவு கொடுத்துத் துளையுங்கள். அதற்கு முன் அந்த இடத்தில் சுவருக்குள் வயரிங் ஓடுகிறதா என்று சுவிட்ச்போர்டு நேர்கோட்டைப் பாருங்கள்.

3. இன்சுலேஷனை ஃபிளேர் போடும் முன்பே நுழைத்துவிடுங்கள். ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனி. இரண்டையும் ஒரே உறைக்குள் திணிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இன்றைய வீட்டு ஏசிகளில் வாயு விரியும் இடம் வெளியூனிட்டுக்குள்ளேயே இருப்பதால், மெல்லிய குழாயும் சில்லிட்டுத்தான் வரும். உறையில்லாமல் விட்டால் வேர்த்து, சுவரெல்லாம் ஈரம் இறங்கும்.

4. துளைக்குள் நுழைக்கும்போது முனையில் மூடியோ இறுக்கிச் சுற்றிய டேப்போ இருக்க வேண்டும். செங்கல் தூள் ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் வால்வில் போய்ச் சிக்கும்.

5. வளைக்கும் இடத்தில் ஸ்பிரிங்கை மாட்டி, இரு கட்டை விரல்களையும் அருகருகே வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வளைக்கவும். கையால் வளைப்பதற்கு ஆரம் 10 செ.மீ.க்குக் குறையாமல் இருந்தால் நசுங்கல் வராது. அதைவிடக் குறுகலாக வேண்டுமென்றால் நெம்புகோல் பெண்டர் எடுங்கள்.

மென்செம்பு வளைக்க வளைக்க இறுகும். அதுதான் அதன் குணம். முதல் வளைவில் வெண்ணெய்போல வரும் குழாய் ஒரே இடத்தில் மூன்றாவது தடவை கம்பியாக நிற்கும், அடுத்த தடவை வெடிக்கும். எனவே எங்கே வளைப்பது என்று சுவரில் பென்சிலால் குறித்துவிட்டு ஒரே தடவையில் வளையுங்கள். நசுங்கிவிட்டால் இடுக்கியால் உருட்டிச் சரிசெய்ய முயல வேண்டாம். அந்த இடத்தை வெட்டி எறியுங்கள். நசுங்கல் உள்ள குழாயில் வாயு தடைப்பட்டு, அங்கேயே பனி பிடிக்கும்.

உள்யூனிட்டின் பின்னால் மடித்து வைத்திருக்கும் சின்னக் குழாய்கள்தான் புதியவர் அதிகம் உடைக்கும் இடம். அடிப்பகுதியை ஒரு கையால் தாங்கிப் பிடித்து, மறு கையால் மெல்ல நிமிர்த்துங்கள். அங்கே நசுங்கினால் கேஸ் வெல்டிங் இல்லாமல் தீர்வு கிடையாது.

குறிப்பு: வெளியூனிட் மொட்டை மாடியில், உள்யூனிட் கீழே என்றால் துளைக்கு வெளியே குழாயைக் கீழிறக்கி ஒரு தொங்கல் கொடுத்துவிட்டு மேலே ஏற்றுங்கள். இல்லாவிட்டால் மழைநீர் குழாயைப் பிடித்துக்கொண்டே அறைக்குள் வரும். ஏற்றம் சில மீட்டரைத் தாண்டினால் எண்ணெய் திரும்புவதற்கான வளைவு தேவையா என்று மேனுவலில் பாருங்கள்.

வெட்டுதலும் பிசிறு எடுத்தலும்

ரம்பத்தைத் தொடவே தொடாதீர்கள். செம்புத் தூள் உள்ளே விழும், வெட்டும் சாய்ந்துவிடும். டியூப் கட்டரின் சக்கரத்தைக் குழாயில் லேசாகப் படியவைத்து, ஒரு சுற்றுச் சுற்றி, திருகைக் கால் பங்கு முடுக்கி, மறுபடி சுற்றுங்கள். அவசரப்பட்டு ஒரேயடியாக முடுக்கினால் குழாய் முட்டை வடிவமாகும்.

வெட்டியதும் வாயின் உள்விளிம்பில் ஒரு வரம்பு மடிந்து நிற்கும். விரல் நுனியை வைத்தால் கீறும். அதுதான் பிசிறு. குழாயின் வாயைத் தரைநோக்கிப் பிடித்துக்கொண்டு ரீமரால் சுற்றிச் சீவுங்கள். துகள் வெளியே விழ வேண்டும் என்பதற்காகத்தான் கீழ்நோக்கிப் பிடிப்பது. அளவுக்கு மீறிச் சீவினால் விளிம்பு கத்திபோல மெலிந்து, ஃபிளேர் போடும்போது வெடிக்கும்.

இந்தப் பிசிறு விஷயத்தில் நான் பட்டதைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், வாடகைக்கு அறை விடும் ஓர் அக்கா வீட்டில் ஏசி மாட்டினேன். சித்ரா பௌர்ணமிக்கு முந்தின நாள், மறுநாள் ஆட்கள் வந்துவிடுவார்கள் என்ற அவசரம். ரீமர் பையில் இருந்தது, எடுக்கவில்லை. ஏசி அன்று நன்றாகத்தான் ஓடியது. அடுத்த கோடையில் குளிரவில்லை என்றார். கேஸ் அடித்தேன். அதற்கடுத்த கோடையிலும் கூப்பிட்டார்.

"தம்பி, போன வருஷமும் கேஸ் இல்லன்னீங்க, இந்த வருஷமும் அதையேதான் சொல்றீங்க. வண்டிக்குப் பெட்ரோல் மாதிரி இது தீர்ந்து போறதா?"

என்னிடம் பதில் இல்லை. ஏசியில் வாயு செலவாவதே இல்லை. அதே வாயு சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்தால் எங்கோ ஓட்டை என்றுதான் பொருள். உள்யூனிட் பக்கத்து நட்டைக் கழற்றிப் பார்த்தேன். ஃபிளேரின் முகத்தில் பிசிறு அமுங்கி, நகம் படும் அளவுக்கு ஒரு கோடு. இன்சுலேஷனுக்கு உள்ளே எண்ணெய் ஊறியிருந்தது. வெட்டிப் புதிதாகப் போட்டேன். அடுத்த கோடையில் அந்த அக்கா கூப்பிடவில்லை. இரண்டு நிமிட ரீமர் வேலைக்கு அவர் இரண்டு வருடம் கேஸ் காசு கொடுத்திருந்தார். அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் அந்தக் கேள்வி இன்றும் எனக்குக் கேட்கிறது.

ஃபிளேர் போடுதல்

இந்த அத்தியாயத்தில் இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். ஒரு மீட்டர் துண்டுக் குழாயை வெட்டி வெட்டிப் பத்து ஃபிளேர் பழகிய பிறகு உண்மையான குழாயில் கை வையுங்கள்.

1. நட்டை முதலில் குழாயில் கோத்துக்கொள்ளுங்கள். ஃபிளேர் போட்டபின் நுழையாது. அனுபவசாலிகளும் மாதத்துக்கு ஒருமுறையாவது இதை மறந்து, போட்ட ஃபிளேரை வெட்டிப் போடுவார்கள்.

2. டூலின் பட்டையில் சரியான அளவுத் துளையில் குழாயை வைத்து இறுக்குங்கள். குழாய் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது டூலைப் பொறுத்தது. ஆர்32, ஆர்410ஏ வாயுக்களுக்கென்று வரும் கிளட்ச் டூலில் பட்டையோடு சமமாகவோ அரை மி.மீ. வரையோ இருந்தால் போதும். சிறகு நட்டு உள்ள பழைய வகை டூலில் 1.5 முதல் 2 மி.மீ. வரை வேண்டும்.

3. கூம்பின் நுனியில் ஒரு துளி குளிர்பதன எண்ணெய் தடவுங்கள். தேங்காய் எண்ணெய், என்ஜின் ஆயில், கிரீஸ் எதுவும் கூடாது.

4. திருகை நிதானமாக இறக்குங்கள். பழைய டூலில் முக்கால் சுற்று இறக்கி, கால் சுற்று பின்வாங்கி, மறுபடி இறக்குவது நல்லது. கிளட்ச் டூல் முடிந்ததும் தானாக வழுக்கும்.

5. எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். உள்முகம் கண்ணாடிபோல மின்ன வேண்டும். சுற்றிலும் ஒரே அகலம், விளிம்பில் வெடிப்பில்லை, கோடில்லை. வெர்னியரால் விளிம்பின் விட்டத்தை அளந்துவிடுங்கள்:

இரண்டு நூலுக்கு 8.7 முதல் 9.1 மி.மீ.
மூன்று நூலுக்கு 12.8 முதல் 13.2 மி.மீ.
நான்கு நூலுக்கு 16.2 முதல் 16.6 மி.மீ.
ஐந்து நூலுக்கு 19.3 முதல் 19.7 மி.மீ.

சிறியதாக இருந்தால் நட்டுக்குள்ளிருந்து நழுவும். பெரியதாக இருந்தால் நட்டு ஃபிளேர்மேல் ஏறி உட்காராது. சந்தேகம் வந்தால் வெட்டிவிடுங்கள். அரை மீட்டர் கூடுதலாக வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

பூட்டுதல்

பிளம்பர்கள் இங்கே ஒரு பழக்கத்தை விட வேண்டும். தண்ணீர்க் குழாயில் மரை அடைக்கும். அதனால் டெஃப்லான் டேப் சுற்றுகிறோம். ஃபிளேரில் மரை இறுக்கிப் பிடிக்க மட்டுமே. அடைப்பது செம்பு முகமும் பித்தளைக் கூம்பும் ஒன்றையொன்று அழுத்தும் இடம். டேப்போ பேஸ்ட்டோ போட்டால் முகம் சரியாக உட்காராது, துணுக்கு பிய்ந்து உள்ளேயும் போகும்.

முகத்தில் எண்ணெய் தடவி, குழாயையும் கூம்பையும் நேர்கோட்டில் பிடித்து, நட்டைக் கையால் மூன்று நான்கு சுற்று ஏற்றுங்கள். கையால் ஏறாவிட்டால் சாய்ந்திருக்கிறது. கழற்றி மறுபடி வையுங்கள். பிறகு எப்போதும் இரண்டு ஸ்பேனர். ஒன்று யூனிட் பக்கத்து இணைப்பைப் பிடித்துக்கொள்ள, இன்னொன்று நட்டை முடுக்க. ஒரே ஸ்பேனரால் திருகினால் உள்யூனிட்டின் குழாயே முறுகிப்போகும்.

எவ்வளவு முடுக்குவது? மேனுவலில் எண் இருக்கும். இல்லையென்றால் பரவலாகக் கொடுக்கப்படும் அளவுகள் இவை: இரண்டு நூல் 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், மூன்று நூல் 33 முதல் 42, நான்கு நூல் 50 முதல் 60, ஐந்து நூல் 62 முதல் 75. "நல்லா டைட் பண்ணிடு" என்று உதவியாளரிடம் சொல்லிவிட்டு நகராதீர்கள். இரண்டு நூல் நட்டை ஒரு திடகாத்திரமான தம்பி முழு பலத்தோடு முடுக்கினால் ஃபிளேர் நசுங்கி மெலியும், அல்லது நட்டு வெடிக்கும். அன்றைக்குக் கசியாது. சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டு மூன்றாம் மாதம் கசியும்.

சுவருக்குள் மறையும் இடத்தில் இணைப்பே கூடாது. வீட்டுக்குள் இருக்கும் ஃபிளேரை ஒருமுறை கழற்றினால், நுனியை வெட்டிப் புதிய ஃபிளேர் போட்டுத்தான் பூட்ட வேண்டும். புது வீடு கட்டும்போதே குழாயைப் பூசி மறைப்பதென்றால், பூச்சுக்கு முன் அளவுநாடாவைச் சுவரில் வைத்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு படம் மாட்ட ஆணி அடிக்கிறவருக்குக் குழாய் எங்கே என்று தெரியாது.

நெருப்பு தேவைப்பட்டால்

குழாய் நீளம் பற்றாமல் ஒட்ட நேர்ந்தால் கேஸ் வெல்டிங் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அவர் மூன்றைச் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். குழாய்க்குள் நைட்ரஜனை மெல்ல ஓடவிட்டபடி ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் உட்சுவரில் கரி போன்ற கருப்புச் செதில் படிந்து, பின்னால் உதிர்ந்து வால்வை அடைக்கும். வால்வின்மேல் ஈரத்துணி சுற்ற வேண்டும். குழாயில் ஏசி வாயு துளியும் இருக்கக்கூடாது. நெருப்புப் பட்டால் அது நச்சுப் புகையாக மாறும்.

லீக் பார்த்தல்

ஏசியில் வரும் வாயுவையே கொஞ்சம் விட்டு, "புஸ்" என்று காற்றை வெளியேற்றிவிட்டு முடித்துவிடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. லீக்கும் தெரியாது, ஈரமும் போகாது, தீப்பற்றும் வாயு அறையில் பரவும். இதைச் செய்கிறவரை மேலே விடாதீர்கள்.

1. வெளியூனிட்டின் இரண்டு வால்வுகளும் மூடியே இருக்கட்டும். கம்பெனி ஏற்றிய வாயு அங்கே பத்திரமாக இருக்கும்.

2. சர்வீஸ் போர்ட்டில் மேனிஃபோல்டு மாட்டி, ரெகுலேட்டர் வழியாக நைட்ரஜன் விடுங்கள். நிறைந்த சிலிண்டருக்குள் 2,000 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருக்கும். ரெகுலேட்டர் இல்லாமல் திறப்பது உயிருக்கு ஆபத்து.

3. முதலில் 75, ஐந்து நிமிடம் கழித்து 200, பிறகு 300 பி.எஸ்.ஐ. எந்தக் கட்டத்திலும் பெயர்ப்பலகையில் உள்ள எல்லையைத் தாண்டாதீர்கள்.

4. நான்கு நட்டுகளிலும் சோப்பு நுரை பூசிக் காத்திருங்கள். பெரிய லீக் உடனே குமிழும். சின்ன லீக்கில் கடுகளவு நுரை மெல்லத் திரண்டு வரும். அதைப் பார்க்க டார்ச் வேண்டும்.

5. முள் எங்கே நிற்கிறது, என்ன வெப்பம் என்று குறித்து வையுங்கள். முடிந்தால் ஓர் இரவு விடுங்கள். 300 பி.எஸ்.ஐ.யில் ஒரு டிகிரி மாறினால் முள்ளும் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. மாறும். மதியம் 38 டிகிரியில் 300 இருந்தது, விடியலில் 28 டிகிரியில் 290 காட்டினால் அது லீக் அல்ல.

எச்சரிக்கை: நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்சிஜனை ஒருபோதும் விடாதீர்கள். வெல்டிங் செட் கையில் இருக்கிறதே என்று அதைச் செய்து இறந்தவர்கள் உண்டு. அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் எண்ணெயைத் தொட்டால் குண்டுபோல வெடிக்கும். நம் நாட்டில் நைட்ரஜன் சிலிண்டர் சாம்பல் நிற உடலும் கருப்புக் கழுத்தும் கொண்டது. ஆக்சிஜன் சிலிண்டரின் உடல் கருப்பு. நிறத்தோடு நிற்காமல் எழுத்தையும் படியுங்கள்.

லீக் இல்லை என்று உறுதியானதும் நைட்ரஜனை வெளியேற்றிவிட்டு வேக்கம் போட வேண்டும். மைக்ரான் கேஜில் 500க்குக் கீழே இறங்கும்வரை பம்ப் ஓடட்டும். பிறகு பம்ப் வால்வை மூடிப் பத்து நிமிடம் பாருங்கள். முள் கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது, இன்னும் ஓட்டுங்கள். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் லீக். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் குழாய் இழுத்திருந்தால் கூடுதல் நேரம் பிடிக்கும்.

வால்வு திறக்கும்போது மெல்லிய குழாயின் வால்வை அலன் கீயால் கால் சுற்று மட்டும் திறந்து, சில விநாடி விட்டு மூடி, மறுபடி நுரை பூசிப் பாருங்கள். அந்த நேரத்தில் அறையில் விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் எரியக்கூடாது. புது ஏசிக்குச் சூடம் காட்டுவது நம் ஊர் வழக்கம். அதை எல்லா வேலையும் முடிந்து, கதவு ஜன்னல் திறந்து வைத்த பிறகு செய்யலாம். நுரை சுத்தமாக இருந்தால் இரண்டு வால்வையும் முழுதாகத் திறந்து, மூடிகளைப் போட்டு இறுக்குங்கள்.

இன்னோர் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். வீடு மாற்றும்போது வாயுவை வெளியூனிட்டுக்குள் இழுத்துப் பூட்டுவார்கள். அப்போது குழாயைக் கழற்றிவிட்டோ, தளர்ந்த நட்டோடோ கம்ப்ரெஸரை ஓட்டினால் அது வெளிக்காற்றை உறிஞ்சும். காற்றும் எண்ணெயும் அழுத்தத்தில் சூடேறி கம்ப்ரெஸர் வெடித்திருக்கிறது. கம்ப்ரெஸரை நிறுத்திய பிறகுதான் நட்டில் கை வைக்க வேண்டும்.

குரங்கு, வெயில், சாக்கடை

கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று வெளியூனிட்டைத் தின்னும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. நம் தொல்லை வேறு. மலையடிவாரக் குரங்குகள் மொட்டை மாடியில் கருப்பு இன்சுலேஷனை உரித்து எறியும், குழாயைப் பிடித்துத் தொங்கும். அணிலும் எலியும் கொறிக்கும். அவை தொடாவிட்டாலும் நேர்வெயிலில் அந்த ரப்பர் இரண்டு மூன்று கோடையில் பொடிந்துவிடும். எனவே வெளியே ஓடும் குழாய் முழுவதையும் பி.வி.சி. பைப்புக்குள்ளோ சேனலுக்குள்ளோ விட்டு, மீட்டருக்கு ஒன்றாகச் சுவரில் கிளாம்ப் அடியுங்கள். குரங்கு கையில் சிக்கும் நீளம் வெளியே தெரியக்கூடாது. கிளாம்ப் இன்சுலேஷனை நசுக்கவும் கூடாது. நசுங்கிய இடத்தில் வேர்க்கும்.

சாக்கடை, செப்டிக் டேங்க் காற்றுக்குழாய் பக்கத்தில் யூனிட்டையோ இணைப்பையோ வைக்காதீர்கள். அங்கிருந்து வரும் கந்தக வாயு செம்பைக் கருக்கி அரிக்கும். வேறு சில அமில ஆவிகளும் ஈரமும் சேர்ந்தால், செம்புச் சுவருக்குள் எறும்புப் புற்றுபோல நுண்வழிகள் விழும். அதைக் கண்ணால் பார்க்க முடியாது.

கைப்பிடிச்சுவர் இல்லாத மாடியில், விளிம்பில் நின்று ஒற்றைக் கையால் முடுக்காதீர்கள். இடுப்பில் பெல்ட், பெல்ட்டிலிருந்து கயிறு, கயிறு தூணில். வெட்டும்போதும் நைட்ரஜன் ஏற்றும்போதும் கண்ணாடி போடுங்கள். வேலை முடியும்வரை ஏசியின் பிரேக்கர் அணைந்திருக்கட்டும்.

கடைசியாக ஒரு துண்டுக் காகிதம். வேலை செய்த தேதி, குழாயின் நீளமும் அளவும், நைட்ரஜன் எத்தனை பி.எஸ்.ஐ.யில் எவ்வளவு நேரம் நின்றது, வேக்கம் எத்தனை மைக்ரான் வரை இறங்கியது, கூடுதலாகக் கேஸ் ஏற்றியிருந்தால் எத்தனை கிராம் என்று எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு வெளியூனிட்டின் பக்கமூடிக்கு உள்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்து அந்த மூடியைத் திறக்கிறவர் முதலில் தேடுவது அதைத்தான்.